முனைத் தகடு ஒரு சாண் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சனி, ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்து கோலகுபு பாருவுக்கும் கோப்பெங்குக்கும் கூரையில் படகைக் கட்டிக்கொண்டு கிளம்பும் கார்களில் நம் பிள்ளைகளின் கார்களும் இருக்கின்றன. பெரும்பாலும் கயாக். இடையிடையே, ஒரே ஆள் மண்டியிட்டு அமர்ந்து ஒற்றைத் துடுப்பால் ஓட்டும் திறந்த கனூவும் உண்டு. சுங்கை சிலாங்கூர், சுங்கை கம்பார் போன்ற, பாறைகளுக்கிடையே நீர் வேகமாகப் பாயும் ஜெராம் ஆறுகளில் இந்தக் கனூவை ஓட்டுவது அருமையான விளையாட்டு. ஆனால் அதற்கான படகு நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் பலரும் கைமாறி வந்த பழைய கனூவைத்தான் வாங்குகிறார்கள்.

வாங்கிய கையோடு அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. படகின் முன்முனையிலும் பின்முனையிலும் மேலே மூடியிருக்கும் முக்கோணத் தகடு, அதாவது டெக் பிளேட், அவசியமா? உடைந்திருந்தால் இன்னும் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாமா? கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் தவறான பதிலை நம்பிய படகு ஆற்றின் நடுவில் பாறையோடு ஒட்டிக்கொள்ளும்போது, முனையில் கட்டிய கயிறு தகட்டோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிடும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முனைத் தகடு வேண்டும். ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். அதில் உயிர் காக்கும் கயிறு எதையும் கட்டக்கூடாது. பெரிய தகட்டுக்குச் செலவழிக்க நினைத்த பணம், படகுக்குள் நீர் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும் காற்றுப்பைக்குப் போகட்டும்.

தகடு தண்ணீரைத் தடுக்கும் என்பது பலரின் நம்பிக்கை. ஜெராமில் ஓட்டும் ஒற்றையாள் கனூவின் நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை இருக்கும். ஜெராமில் இறங்கும்போது அதன் முனை அலையைக் குத்திக்கொண்டு போகும். அலை முனையின் உச்சியில் உள்ளே நுழைவதில்லை. முனை அலையைப் பிளந்ததும் நீர் இரு பக்கமும் ஏறி, படகு அகலமாகத் தொடங்கும் தோள்பட்டை இடத்தில், ஓட்டுபவரின் முட்டிக்குச் சற்று முன்னால்தான் விளிம்பைத் தாண்டிக் கொட்டும். பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி ஓடும் எடிக்குள் படகைத் திருப்பும்போதோ, தவறாகச் சாய்த்தால் நடுப்பகுதி விளிம்பே நீருக்குள் போய்விடும். இந்த இரண்டு இடத்துக்கும் தகட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 20 சென்டிமீட்டர் தகட்டை 45 ஆக்கினாலும் அலை ஏறும் இடம் அதற்குப் பின்னால்தான் இருக்கும். தகட்டால்தான் நீரைத் தடுப்பேன் என்றால் அது முட்டி வரை வந்தாக வேண்டும். அப்படி வந்தால் அது திறந்த கனூ அல்ல, இடுப்பில் ரப்பர்த் துணி கட்டி உட்காரும் மூடிய சி-1 படகு. அது வேறு வகை, அதன் ஓட்டமும் வேறு.

பெரிய தகடு நீரைத் தடுக்காததோடு, உள்ளே வந்த நீரை வெளியே விடாமல் பிடித்தும் வைக்கிறது. கனூவின் இரு முனைகளும் நடுப்பகுதியை விட உயரமாக வளைந்திருக்கும். நீரைக் கொட்டப் படகைக் கவிழ்த்ததும் அதுவே தலைகீழாகிறது. முனைகள் தாழ்ந்து, தகட்டின் அடிப்பக்கம் ஒரு கிண்ணம் போலாகிவிடும். நடுவிலிருக்கும் நீர் விளிம்பு வழியே போய்விட, முனைகளில் இருப்பது அப்படியே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 சென்டிமீட்டர் நீளமும் உள்விளிம்பில் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள முக்கோணத் தகட்டின் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். சராசரியாக 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால் நாலரை லிட்டர், அதாவது நாலரை கிலோ. இரண்டு முனைக்கும் சேர்த்து ஒன்பது கிலோ. படகே 20 முதல் 30 கிலோதான். அதே படகில் 16 சென்டிமீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டில் தேங்குவது ஏறத்தாழ அரை லிட்டர்தான்.

அந்த எடை உட்காரும் இடத்தில் இருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. முனையில் இருப்பதுதான் வினை. படகைத் திருப்பும்போது ஓர் எடை தரும் எதிர்ப்பு, நடுவிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நடுவிலிருந்து அரை மீட்டரில் உள்ள ஒரு கிலோவை விட ஒன்றரை மீட்டரில் உள்ள ஒரு கிலோ ஒன்பது மடங்கு அடம்பிடிக்கும். ஒரே துடுப்பு வீச்சில் எடிக்குள் புக வேண்டிய படகு அரைக் கணம் பிந்தி, பாறையைக் கடந்து கீழே போய்விடும். தேங்கிய நீர் சும்மா இருப்பதும் இல்லை. படகு இறங்கும்போது முன்னுக்கும் ஏறும்போது பின்னுக்கும் ஓடி, ஓட்டுபவரின் கணக்கைக் குழப்பும்.

மழைக்காலத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. நம் மலையடிவார ஆறுகளில் பிற்பகல் மழைக்குப் பிறகு கெபாலா ஆயர் என்னும் திடீர் நீர்ப்பெருக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். மேலே கறுத்திருக்கும்போது கரையில் நின்று படகை மூன்று முறை புரட்டி நீர் வடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஒரே புரட்டலில் காலியாக வேண்டும்.

ஆற்றில் மட்டுமா? கோலாலம்பூரில் நம்மில் பலர் படகை வைப்பது தாமான் வீட்டின் ஓரச்சந்திலோ அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்திலோதான். கழுவிக் கவிழ்த்து வைத்தோம், இனிக் கவலையில்லை என்று நினைப்போம். தகட்டின் அடியில் தேங்கிய அரை விரற்கடை நீர் அங்கேயே இருக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஒரு வாரம் ஆற்றுக்குப் போகாவிட்டால் டிங்கிக் கொசுவை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அது குற்றம், அபராதமும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த அபராதமெல்லாம் பெரிதாகவே தெரியாது. படகைக் கவிழ்த்து வைப்பவர்கள் ஒரு முனையைச் செங்கல் வைத்து உயர்த்தி விடுங்கள். தாழ்ந்த முனையின் உள்பக்கத்தைக் கந்தல் துணியால் துடைத்துவிடுங்கள்.

அப்படியானால் தகட்டைக் கழற்றி எறிந்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. கனூவின் பலம் அதன் விளிம்புச் சட்டங்களில் இருக்கிறது. இடப்பக்கச் சட்டமும் வலப்பக்கச் சட்டமும் முனையில் சந்திக்கும் இடத்தில் அவற்றைப் பிடித்துக் கட்டுவது இந்தத் தகடுதான். அது இல்லாமல் முனை பாறையில் மோதினால் ஒரு சட்டம் மேலேறும், மற்றது இறங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள படகுத் தோல் கத்தரியில் சிக்கிய துணி போல முனையிலிருந்து கீழே கிழியும். பழைய ராயலெக்ஸ் படகுகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். உச்சியில் முடி போல ஒரு வெடிப்பு தொடங்கி, ஆணித் துளை வரைக்கும் ஓடியிருக்கும்.

ராயலெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் நுரை, இருபுறமும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதன் மேல் வினைல் தோல் என்று அடுக்கி அழுத்திய தகடு அது. டேகர், மேட் ரிவர், மோஹாக் போன்ற நிறுவனங்களின் பழைய ஒற்றையாள் கனூக்கள் பல அதில் செய்தவை. அதன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆகவே இன்று கைமாறும் ராயலெக்ஸ் படகு எதுவும் பத்து வயதுக்குக் குறைந்ததில்லை. நம் வெயிலில் அதன் வினைல் தோல் வெளுத்து மாவு மாவாக உதிரும். நுரை தெரிய வந்துவிட்டால் வெயில் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். பெரிய தகடு போட்டால் இந்தப் புண்கள் எல்லாம் அதன் அடியில் மறைந்துகொள்ளும். சின்னத் தகடு இருக்கும் படகை விரலால் தடவியே நோய் பார்த்துவிடலாம்.

இனி முக்கியமான விஷயம், கயிறு.

பல படகுகளில் தகட்டிலேயே ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துப் படகைத் தூக்கலாம், இழுக்கலாம், கார் கூரையில் ஏற்றலாம். அதுவரைக்கும் சரி. அந்தக் கைப்பிடியில் முனைக்கயிற்றைக் கட்டி, படகு சிக்கினால் இழுத்து எடுத்துவிடலாம் என்று நம்புவதுதான் ஆபத்து. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், தன்னைக் குறுக்கே மறிக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். வேகம் 3 மீட்டரானால் அது 450 கிலோ ஆகும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் விசை இரண்டேகால் மடங்கு. பாறையில் குறுக்காக ஒட்டிக்கொண்ட கனூ அந்த விசையோடுதான் அங்கே நிற்கிறது. தகட்டைப் பிடித்திருப்பதோ நான்கு அல்லது ஆறு அலுமினிய ரிவெட் ஆணிகள். அவை மேல்நோக்கி நேராக இழுபடும்போது ஆணி முறிவதற்கு முன்பே பிளாஸ்டிக் துளை அகன்று ஆணியை விட்டுவிடும். கயிறு தகட்டோடு கரைக்கு வரும், படகு ஆற்றிலேயே இருக்கும். இறுகிய கயிறு திடீரென்று விடுபட்டால் அந்தத் தகடு கரையில் இழுப்பவரின் முகத்துக்கு நேராகத்தான் பறந்து வரும்.

இழுக்கும் உயரத்திலும் ஒரு சங்கதி உண்டு. கரையில் நடந்தபடி கயிற்றால் படகைக் கீழே இறக்கும்போது, கயிறு தகட்டின் மேல் கட்டியிருந்தால் இழுப்பு உச்சியில் விழும். நீரின் தள்ளலோ அடியில் இருக்கும். இரண்டும் சேர்ந்து படகைப் பக்கவாட்டில் புரட்டிவிடும். கயிறு நீர்மட்டத்துக்கு அருகில் கட்டியிருந்தால் படகு நாய்க்குட்டி போல அடங்கி வரும்.

ஆகவே பிடிவளையம் படகின் உடலையே துளைத்துப் போக வேண்டும். ராயலெக்ஸ் படகுக்குச் செய்முறை இது. முனையின் விளிம்பிலிருந்து 6 முதல் 8 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சட்டத்தின் அடியிலிருந்து 6 முதல் 8 சென்டிமீட்டர் கீழே, இரு பக்கமும் நேருக்கு நேராகக் குறியிடுங்கள். அரை அங்குல பிவிசி குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். அதற்கு, துளைக்கருவியில் மாட்டும் 22 மில்லிமீட்டர் வட்டத் துளை ரம்பத்தால் (ஹோல் சா) மெதுவாகத் துளையிடுங்கள். வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகி ரம்பத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் துளைத்துவிட்டு அதே வழியே எதிர்ப்பக்கம் போகாதீர்கள், கோணல் வரும். இரண்டு பக்கமும் வெளியிலிருந்து தனித்தனியாகத் துளைக்க வேண்டும். குழாயை நுழைத்து, வெட்டுவாயில் தெரியும் நுரை முழுவதும் மூடும்படி, சற்று வளைந்து கொடுக்கும் வகை எபாக்ஸிப் பசையால் ஒட்டுங்கள். ஒட்டுமுன் குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் காய விட்டு, வெளியே நீட்டியிருப்பதை அறுத்து, விளிம்பை மழுக்குங்கள். கூரான விளிம்பு கயிற்றை அறுத்துவிடும். பிறகு 10 மில்லிமீட்டர் கயிற்றை நுழைத்து வளையமாக முடியுங்கள்.

பாலிஎதிலீன் படகில் எபாக்ஸி ஒட்டாது. அதில் குழாய் வேண்டாம். கயிறு இறுக்கமாகப் போகும் அளவுக்குத் துளையிட்டு, விளிம்பை மழுக்கி, கயிற்றை அப்படியே விடலாம். நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் கசிவு பொருட்டில்லை.

வளையத்தில் நான்கு விரல் நுழைய வேண்டும் என்று பலர் பெரிதாக விடுகிறார்கள். விரல் உள்ளே இருக்கும்போது படகு நீரில் உருண்டால் வளையம் முறுக்கிக்கொண்டு விரலை விடாது. அதனால் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயில் 12 சென்டிமீட்டர் வெட்டி, கயிற்றின் மேல் கோத்து, உள்ளங்கையால் பற்றும்படி குட்டையாக முடிவது நல்லது.

முனைக்கயிறு 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனும் 5 மீட்டர் நீளமும் உள்ள, மிதக்கும் பாலிபுரோபிலீன் கயிறாக இருக்கட்டும். அதன் வெறும் நுனியில் முடிச்சும் கூடாது, வளையமும் கூடாது. இரண்டு பாறைக்கு நடுவில் முடிச்சு சிக்கினால் நீந்துபவரின் காலைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கயிற்றைச் சுருட்டி வைக்கத்தான் முனைத் தகடு உண்மையிலேயே கைகொடுக்கிறது. தகட்டின் குறுக்கே 6 மில்லிமீட்டர் ரப்பர்க் கயிற்றை இரண்டு வரியாக ஓட்டி, முனைக்கயிற்றைப் பாம்பு வளைவாக மடித்து அதன் அடியில் செருகிவிடலாம். கையால் ஓர் இழுப்பு இழுத்தால் வரவேண்டும், அலை அடித்தால் வரக்கூடாது. இதற்கு ஒரு சாண் தகடு தாராளம்.

உடைந்த தகட்டை மாற்றுவது கடினமான வேலை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதும் இல்லை. சமையலறையில் காய்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில் கிடைத்தால், அதுவே போதும். நீர் ஊறாது, பூசணம் பிடிக்காது, சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம். வெயிலில் நாளாவட்டத்தில் வெளுத்து மொரமொரப்பாகும் என்பது உண்மை. அப்போது இன்னொன்று அறுத்துக்கொள்ளலாம்.

பழைய ரிவெட்டை எடுக்கும்போதுதான் பலர் படகைக் கெடுக்கிறார்கள். திருப்புளியை அடியில் கொடுத்து நெம்பாதீர்கள், முனை வெடித்துவிடும். 5 மில்லிமீட்டர் துளைமுனையால் ரிவெட்டின் தலையை மட்டும் குடைந்து எடுத்து, மிச்சத்தை உள்ளே தட்டிவிடுங்கள். ரிவெட் கூடவே சுற்றினால் குறட்டால் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அட்டைப் பெட்டியில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுப் பலகையை அறுப்பது நல்லது. முன்முனையும் பின்முனையும் ஒன்று போலிருக்கும், ஆனால் அளவு மாறும். இரண்டுக்கும் தனித்தனி அட்டை வேண்டும். உள்விளிம்பை நேராக விடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குழிவாக வளைத்து அறுங்கள். விரல் நுழையவும் நீர் வழியவும் அதுதான் வழி. கடைத் தகடுகளில் சில, உள்விளிம்பில் கீழ்நோக்கி ஓர் உதடு மடித்து வரும். அழகாக இருக்கும், நீரைப் பிடித்து வைக்கும் வேலையையும் அந்த உதடுதான் செய்யும். அது வேண்டாம். கூர்முனைப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியோ 8 மில்லிமீட்டர் துளை இரண்டோ விட்டுவிட்டால், கவிழ்த்ததும் கடைசிச் சொட்டு வரை அந்த வழியே வடிந்துவிடும்.

துளைபோடும்போது வெயிலை மனத்தில் வைக்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தில் அலுமினியத்தை விட ஆறேழு மடங்கு விரியும். நிழலில் பொருத்திய 15 சென்டிமீட்டர் பலகை, கார் கூரையில் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். எல்லாத் துளையும் இறுக்கமாக இருந்தால் பலகை நடுவில் உப்பும், ஆணிகள் ஆடத் தொடங்கும். ஆகவே கூர்முனைக்கு அருகிலுள்ள இரண்டு துளைகள் மட்டும் ஆணிக்குச் சரியாக இருக்கட்டும். மற்ற துளைகள் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், அவற்றுக்கு அகலமான வாஷர் போடுங்கள். பலகையின் ஓரத்திலிருந்து 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் துளை தள்ளியிருக்க வேண்டும்.

ரிவெட் என்றால் 3/16 அங்குல அலுமினிய ரிவெட், தலை அகன்றதாக. இரும்பு ரிவெட் இறுகும்போது பிளாஸ்டிக்கைக் கடித்து வெடிக்க வைக்கும், பிறகு துருவும் பிடிக்கும். எங்களைக் கேட்டால் ரிவெட்டை விட 5 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் பூட்டு நட்டும் மேல். ஆண்டுக்கொரு முறை கழற்றி அடியில் பார்த்துவிடலாம். சட்டம் அலுமினியமானால் நடுவில் நைலான் வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் ஈரத்தில் இரண்டு உலோகமும் உறவாடி, அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து அரித்துப் போகும். பினாங்கு நண்பர்கள் கடலிலும் இறக்கும் படகில் இந்த அரிப்பு இன்னும் விரைவு. போல்ட்டின் மிச்ச நீளத்தை அறுத்து, பலகையின் உள்விளிம்பையும் உப்புத்தாளால் உருட்டிவிட மறக்காதீர்கள். காற்றுப்பை நாள் முழுவதும் அங்கேதான் உராயும்.

மரச்சட்டப் படகுக்கு மரத் தகடே பொருத்தம். ஆனால் அடிப்பக்கத்துக்கும் எண்ணெய் பூச வேண்டும். மேலே மட்டும் பளபளப்பாக்கி அடியில் அழுக விட்ட படகுகள்தான் அதிகம். செங்கல் (chengal) என்னும் கனமான மலேசிய மரம் வலுவானது என்று யாராவது சொன்னால், எடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முனையும் சட்டமும் சேர்த்து ஒரே அச்சில் வார்த்த பாலிஎதிலீன் படகுக்குத் தனித் தகடே தேவையில்லை.

இப்போது காற்றுப்பை. 3.6 மீட்டர் கனூ பை இல்லாமல் மூழ்கினால் உள்ளே நிற்கும் நீர் 400 லிட்டரைத் தாண்டும். அத்தனை எடைக்கும் பாறைக்கும் நடுவில் நீங்கள் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முன்னால் 120, பின்னால் 150 சென்டிமீட்டர் பை வைத்துவிட்டால் நீருக்கு நடுவில் 90 சென்டிமீட்டர் இடம்தான் மிச்சம். தகடு செய்யும் என்று எதிர்பார்த்த வேலையை உண்மையில் செய்வது இந்தப் பைதான். விளிம்புக்கு மேல் சற்று உப்பி நிற்கும் பையின் முதுகில் அலை விழுந்து அப்படியே வழிந்துவிடும். நீளமான தகடு இங்கேயும் குறுக்கே நிற்கும். பையின் நுனி தகட்டுக்கு அடியில் மடிந்து, கடைசி ஒரு முழத்தை நிரப்பாமல் விட்டுவிடும். அந்த வெற்றிடம் நீருக்கு, சமயத்தில் நீந்துபவரின் கைக்கும் பொறி.

பை தானாக நிற்காது. படகு கவிழ்ந்தால் மேலே மிதந்து வெளியே வந்துவிடும். சட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 5 மில்லிமீட்டர் துளையிட்டு, 3 மில்லிமீட்டர் கயிற்றைக் கட்டில் பின்னுவது போலக் குறுக்கும் மறுக்கும் ஓட்டுங்கள். ஒரு முனைக்கு 12 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். அதன் மேல் நீளவாக்கில் 25 மில்லிமீட்டர் நாடா ஒன்று. இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் பை பிதுங்கும், கால் நுழைந்து மாட்டவும் இடமாகும்.

நிறைய ஊதிய பையோடு படகைக் கார் கூரையில் வைத்து பிளஸ் நெடுஞ்சாலையில் போகாதீர்கள். காற்று 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடானால் பத்தில் ஒரு பங்கு விரியும், தையல் பிளக்கும். ஏற்றும்போது கொஞ்சம் தளர்த்துங்கள். ஆற்றில் இறக்கிப் பத்து நிமிடம் குளிர விட்டு, மீண்டும் ஊதி இறுக்குங்கள். இந்தப் பத்து நிமிடம் பொறுக்காதவர்களின் பைதான் முதல் ஜெராமில் தொளதொளவென்று ஆடும்.

நடுவில் சேரும் நீரை இறைக்க 5 கிலோ சமையல் எண்ணெய் போத்தலின் அடியை வெட்டி, மூடியை இறுக்கி, படகோடு குட்டைக் கயிற்றால் கட்டினால் போதும். 12 வோல்ட் பம்பு போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. மணிக்கு 500 (அமெரிக்கக்) கேலன் என்று அச்சிட்டது நிமிடத்துக்கு 31 லிட்டர் என்ற கணக்கு. குழாய் ஏறும் உயரமும் வளைவும் போக அதை விடக் குறைவாகத்தான் வரும்.

பழைய கனூ வாங்கப் போகும் தம்பி தங்கைகள் ஒரு வாளியும் கைவிளக்கும் எடுத்துப் போங்கள். தகட்டுக்கு அடியில் விளக்கடித்து ரிவெட்டைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் முனையை அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே நுரை விட்டுப்போயிருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தகடு சட்டத்தை விட்டு அசையக்கூடாது. கடைசியாக ஒரு வாளி நீரை உள்ளே ஊற்றிப் படகைக் கவிழ்த்து, பத்து எண்ணிவிட்டு நிமிர்த்துங்கள். முனையிலிருந்து நடுவுக்கு எவ்வளவு நீர் ஓடி வருகிறதோ அவ்வளவுக்குத் தகடு பெரிது. அதை விற்பவரிடம் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். குறையும் வெள்ளி பின்பக்கக் காற்றுப்பைக்கு ஆகும்.

இப்படிக்கு,
ஜெராம் ஆறுகளில் கனூ ஓட்டும் சிலர்,
கோலாலம்பூர்